கடைசியாக வரும் தெரு

டோனிக்கு இன்றைக்குத்தானா நாரி பிடிக்க வேண்டும். நகரத்துத் தெருவெல்லாம் பனி வழிக்கிற மனுசன், தன் வீட்டு வாசலில் சவளால் ஒரு அள்ளுப் பனியைத் தூக்கப்போய், இடுப்புப் பிடித்து அப்படியே வளைந்து நின்றுவிட்டானாம். நிமிர முடியவில்லையாம். விடியற்காலையில் அலுவலகத்து ரோசா என்னை எழுப்பி இதைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, சிரித்து முடிந்த பிறகுதான் விளங்கியது, டோனி இன்றைக்கு ஓட்ட வேண்டியிருந்தது என்னுடைய வண்டியை. பனிக் காலத்தில் எங்களுக்கு லீவு இல்லை, ஆளுக்கு ஆள் முறை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். டோனி என் முறையை எடுப்பதாகப் பேச்சு, ஏனென்றால் இன்றைக்கு எனக்குக் கல்யாணம். ஐம்பதை எட்டிப் பார்க்கிற குகனேசனுக்கு, இந்த நகரசபையின் பனி வண்டிச் சாரதிக்கு, முதல் கல்யாணம். மதியத்துக்கு முன்னால் முகூர்த்தம். மாப்பிள்ளை ஆரஞ்சு ஜாக்கெட்டோடு பெரிய தெருவில் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார். தை மாதத்தில் நாள் வைத்தது யாருடைய பிழை? என்னுடையதுதான். மார்கழி கூடாது, தை நல்லது என்று அக்கா சொன்னாள், கோயில் ஐயர் சொன்னார், நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். தை என்றால் இந்த ஊரில் என்ன மாதம் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பனி வழிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்த்தோம், எமகண்டம் பார்த்தோம், இரண்டு பேருடைய நட்சத்திரத்தையும் பொருத்திப் பார்த்தோம், பனி எச்சரிக்கையை ஒருவரும் பார்க்கவில்லை. டோனி கேட்டான், நீங்களெல்லாம் ஜூலையில் கல்யாணம் கட்ட மாட்டீர்களா என்று. ஜூலையில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எவனாவது கட்டுவானா என்று நான் கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. இப்போது எனக்கே விளங்கவில்லை.

ஆனால் பனி அழகாகத்தான் பெய்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. காற்றில்லாமல், அவசரமில்லாமல் இரவு முழுக்கக் கொட்டி, இப்போது விடிந்த வெளிச்சத்தில் கூரை, மரம், குப்பைத் தொட்டி எல்லாம் ஒரே வெள்ளை. நான் முன்னால் பிளேடை இறக்குகிறேன், அது தார் ரோட்டில் உட்காருகிற சத்தம் எனக்கு மட்டும் தெரிந்த சத்தம், பிறகு பனி எழும்பிச் சுருண்டு வலது பக்கமாக விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, பின்னால் வட்டத் தட்டு சுழன்று உப்பை வீசுகிறது, நீல விளக்கு சுற்றுகிறது, கண்ணாடியில் பார்த்தால் நான் போன இடமெல்லாம் கறுப்பாக ரோடு. வேறு எந்த வேலையில் செய்ததை உடனே திரும்பிப் பார்க்கலாம்? எனக்கு இந்த வேலை பிடிக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். காலையில் பிளேடை இறக்கியதிலிருந்து பாதாளச் சாக்கடை மூடி ஒன்றிலும் முட்டாமல் வருகிறேன், அதுவே நல்ல சகுனம், இன்றைக்குச் சகுனம் பார்க்காமல் என்றைக்குப் பார்ப்பது. என் மணப்பெண் தயாளினி இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? சேலை கட்டிக்கொண்டிருப்பாள். தனியாகவா கட்டுவாள்? கூறைச்சேலையைத் தனியாகக் கட்ட முடியுமா? வண்டி எடுக்க முதல் அவளுக்குப் போன் பண்ணினேன். டோனிக்கு நாரி பிடிச்சிட்டுது, என்னை வரச் சொல்லிட்டினம், முகூர்த்தத்துக்கு முன்னம் எப்பிடியும் வந்திடுவன், நீர் யோசிக்காதேயும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். சரியென்று சொல்கிற ம்மா, இதுதான் நடக்குமென்று தெரியும் என்கிற ம்மா? அவள் கோபத்திலும் ம் என்பாள், பசியிலும் ம் என்பாள், நல்ல கோப்பி குடித்தாலும் ம்தான். வண்டியில் ஏற முதல் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். இனி நான் கேட்கவும் முடியாது, அவள் சொல்லவும் முடியாது. ம்.

இந்த முனையில்தான் அவளை முதலில் கண்டேன், இதோ இந்த பஸ் தரிப்பில். அப்போதும் பனிதான். நான் வழித்த பனி முழுவதும் தரிப்புக்கு முன்னால் இடுப்பளவு மேடாகக் குவிந்துவிட்டது, அது எங்கள் வேலையின் சாபக்கேடு, வழிக்கிற பனியை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும். அங்கே ஒரு பெண் கைப்பையோடு நின்று, இந்த வண்டிக்காரனுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில், "நாசமாப் போவானே, நான் என்ன பறந்தே பஸ்ஸில ஏறுறது?" என்று கத்தினாள். நான் கண்ணாடியை இறக்கி, "மன்னியுங்கோ தங்கச்சி" என்றேன். அவள் முகம் போன போக்கு! அதை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். வேலை நேரத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, அன்றைக்கு இறங்கினேன், கைச் சவளால் மேட்டை வெட்டி அவளுக்கு வழி விட்டேன், அவள் நன்றி சொல்லாமல் பஸ்ஸில் ஏறினாள். நடக்க முடியாத முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பஸ்ஸிலேதான் போவாள், பஸ்ஸிலேதான் வருவாள். அதன் பிறகு பனியில்லாத நாளிலும் இந்தத் தரிப்புப் பக்கம் எனக்கு ஏதாவது அலுவல் இருந்தது. தங்கச்சி என்று கூப்பிட்டதை மாற்றத்தான் கொஞ்சம் பாடுபட்டேன்.

தரிப்புக்கு முன்னால் பிளேடைத் திருப்பி மெதுவாகப் போகிறேன், மேடு விழக் கூடாது, யார் யார் நிற்பார்களோ. நிற்பது என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான். அவள் எனக்குச் சொன்ன கதை. கோப்பிக் கடையில் வைத்துச் சொன்னாள், சிரித்துச் சிரித்துச் சொன்னாள், சொல்லிக்கொண்டே காகிதக் கோப்பையின் விளிம்பைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். இருபத்திரண்டு வயதில் படத்தில் மட்டும் பார்த்துப் பேசிய மாப்பிள்ளையைக் கட்ட இந்த நாட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறாள். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை. காலில் செருப்பு, தோளில் ஒரு மெல்லிய சால்வை, வெளியே கொட்டுகிற பனி. பூப்போல இருந்ததாம், முதல் தரம் பார்த்தாளாம், அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். பகல் போய், விளக்கு வைத்து, அங்கே கூட்டித் துடைக்க வந்த ஒரு தமிழ் அம்மா கேட்டு விசாரித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை நின்றிருக்கிறாள். அந்த ஆள் வேறு யாரையோ கட்டி வேறு நகரத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்ததாம். "அண்டைக்கு நிண்டதோட சரி. இனி ஒரு ஆம்பிளைக்காகவும் நான் காத்துக்கொண்டு நிக்க மாட்டன். இதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ" என்றாள். நான் ஓம் என்றேன். அடித்துச் சொன்னேன். கோயில் வாசலில் அவளுக்கு முன்னமே வந்து நிற்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன், வாய் சும்மா இருந்தால்தானே. இப்போது மணவறை இருக்கும், ஐயர் இருப்பார், அக்கா இருப்பாள், மேளகாரர் இருப்பார், மாப்பிள்ளையைக் காணோம். வெளியே பனி. அவளுக்கு அது எப்படி இருக்கும்? மாட்டேன் என்று சொன்னவள் அவள். சொன்னால் சொன்னதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், அது தானாக வருகிறது. அவளுடைய தெரு. அக்காவின் புருசன், என் அத்தான், அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. அவள் இருப்பது மேட்டில் ஏறி முட்டுப்படுகிற ஒரு சின்னத் தெருவில். முழங்காலளவு பனியில் அத்தானின் கார் அந்த மேட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும். அந்தத் தெருவை வழிக்க வேண்டியவன் யார்? நான்தான். என்னுடைய சுற்றில்தான் அது இருக்கிறது. எப்போது வரும்? கடைசியாக வரும். முதலில் பெரிய தெருக்கள், பிறகு பஸ் ஓடுகிறவை, ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகிறவை, பிறகு பள்ளிக்கூடங்கள், வீட்டுத் தெருக்கள் பிறகு, அதிலும் முட்டுத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் பிறகு. ஒரு திருப்பம்தான். இதோ இந்தச் சிக்னலில் இடது பக்கம் திரும்பினால் நேரே அவள் வாசல். கால்மணி நேரம் போதும். வண்டி எங்கே நிற்கிறது என்று ரோசாவின் திரையில் தெரியும், தெரிந்தால் தெரியட்டும், கல்யாணக்காரன் என்று விட்டுவிடுவாள், அவள் நல்லவள். சிக்னல் சிவப்பு. இடது பக்க விளக்கைப் போட்டேன். உண்மையாகவே போட்டேன், அது டிக் டிக் என்று அடித்தது. பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று சைரனோடு வந்தது. நான் ஒதுங்கினேன், அது என்னைத் தாண்டி முன்னால் இன்னும் வழிக்காத ஆஸ்பத்திரித் தெருவுக்குள் நுழைந்து, பின்சக்கரம் இழுத்து ஒரு ஆட்டம் ஆடி, பிறகு பிடித்துக்கொண்டு போனது. உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தை அவர்களும் உணர்ந்திருப்பார்கள். விளக்கை அணைத்தேன். நேரே போனேன். தயாளினி, இதற்கு நீர் ம் என்று சொல்லுவீரா?

வேலை தொடங்கினால் பயம் கொஞ்சம் விலகிவிடுகிறது, அதுதான் இதில் உள்ள நன்மை. ஆஸ்பத்திரித் தெருவை இரண்டு தரம் போய் வந்து கரும்பலகை போல ஆக்கிவிட்டேன். குளிர் இன்னும் இறங்கினால் உப்பு வேலை செய்யாது, மணல்தான் போட வேண்டும், இன்றைக்கு உப்புக்கு ஏற்ற குளிர்தான். நேற்றே உப்புத் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலந்து ரோட்டில் கோடு கோடாகத் தெளித்திருந்தோம், பனி ரோட்டோடு ஒட்டாமல் கழன்று வருகிறது, சோற்றுப் பானையில் அடிப்பிடிக்காமல் வருகிற மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள், பிள்ளைகள் மேட்டில் பிளாஸ்டிக் தட்டில் சறுக்குகிறார்கள், என்னைக் கண்டு கையை மேலும் கீழும் இழுக்கிறார்கள், ஹோர்ன் அடிக்கச் சொல்லி. அடித்தேன். இன்னொரு தரம் கேட்டார்கள், இன்னொரு தரம் அடித்தேன், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேளம் வேண்டாமா. வீட்டுத் தெருக்கள் வந்தன. இங்கேதான் எனக்கு அர்ச்சனை நடக்கும். மனுசர் காலையிலிருந்து கஷ்டப்பட்டுத் தங்கள் கார் வாசலைத் துப்புரவாக்கிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள், நான் வந்து வாசலுக்குக் குறுக்கே ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போவேன். வேண்டுமென்று செய்வதில்லை, பிளேடு அப்படி. அதோ ஒரு தாடிக்காரர் சவளை நிலத்தில் எறிந்துவிட்டு இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்துகிறார். ஐயா, இன்றைக்கு எனக்குக் கல்யாணம், இன்றைக்கு மட்டும் திட்டாதேயுங்கோ. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கும்பிட்டேன். அவர் திகைத்துப்போய் அவரும் கும்பிட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு பக்கம் மனம் பயப்படுகிறது, மறுபக்கம் வாய் பாடுகிறது, ஒரே ஆளுக்குள் இரண்டும் நடக்கிறது, அவளைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இப்படித்தான். இத்தனை வருசம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த மனுசன், இனி ஒருத்தி வந்து என் கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லப்போகிறாள் என்பதற்காக இந்தத் துள்ளுத் துள்ளுகிறான். சொல்லுவாள்தானே? வருவாள்தானே? ம்.

கடைசித் தெரு. பிளேடைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறேன், இறங்கும்போதுதான் வழிப்பது. அத்தானின் கார்த் தடம் எதுவும் இல்லை, நினைத்தது சரி, வரவே இல்லை, அல்லது வந்து அடிவாரத்திலேயே திரும்பியிருக்கும். முழங்கால் பனி, தொடாத பனி. தொடாததா? இல்லை, ஒரு தடம் இருக்கிறது. ஒரு ஆளின் காலடி. தெருவின் நடுவால், மேலேயிருந்து கீழே வந்திருக்கிறது, ஆழமாகப் பதிந்து பதிந்து, பக்கத்தில் ஏதோ துணி இழுபட்ட கோடும் தெரிகிறது. சேலைக் கரை. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வீடுவரை ஏறினேன், அது அவள் வாசற்படியில்தான் தொடங்குகிறது. மேல்மாடி ஜன்னலில் விளக்கு இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. போய்விட்டாள். எங்கே? கோயிலுக்கு இந்தப் பனியில் நடந்து போக முடியாது. காத்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்றவள் நிற்காமல் போய்விட்டாள், யாராவது சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பாள், கூறையை அவிழ்த்து மடித்து வைத்திருப்பாள், இந்தமுறை பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்று யாரிடமாவது சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பாள், கையில் என்ன கிடைத்ததோ அதைக் கிழித்துக்கொண்டு. வண்டியைத் திருப்பினேன். பிளேடை இறக்க வேண்டும். இறக்கினால் அந்தத் தடம் போய்விடும். அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான், அதை நானே வழித்துத் தள்ள வேண்டும். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. பக்கத்து வீட்டு மனுசி ஒருத்தி கைக்குழந்தையோடு ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தாள், வேலையை விட்டு ஏன் நிற்கிறான் என்று பார்த்தாள். இறக்கினேன். தடம் சுருண்டு எழும்பி வலது பக்கமாக விழுந்தது. கீழே வந்து சேர்ந்தபோது தெரு கறுப்பாக இருந்தது. நன்றாகத்தான் வழித்திருந்தேன்.

அப்போது ரேடியோ கரகரத்தது. ரோசாவின் குரல். "குகன், எங்கே இருக்கிறாய்?" சுற்று முடிந்தது, கடைசித் தெருவும் ஆயிற்று என்று ஆங்கிலத்தில் சொன்னேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நல்லது, உடனே வண்டி யார்டுக்கு வா. இரண்டாம் சுற்றுக்கு ஆள் பிடித்துவிட்டேன். இங்கே ஒரு பெண் வந்திருக்கிறாள், சிவப்புச் சேலை, பெரிய பூட்ஸ், தலையில் பூவும் இருக்கிறது, கம்பளித் தொப்பியும் இருக்கிறது. உன்னைக் கொண்டு போக வந்திருக்கிறாளாம். உன்னை அவளிடம் கொடுத்து அனுப்பவா, இங்கேயே வைத்துக்கொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை." பின்னால் யார்டுப் பயல்களின் சிரிப்பும் கைதட்டலும் கேட்டது. நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. தமிழில் ஏதோ சொல்லியிருக்கிறேன், ரோசா "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உப்புக் கொட்டகைக்கு முன்னால் நின்றாள். பின்னால் மலையளவு உப்பு, முன்னால் என் தயாளினி, கூறைக்கு மேலே கறுப்புக் குளிர் ஜாக்கெட், சேலைக் கரை முழுக்கப் பனி. நான் வண்டியிலிருந்து பாதி இறங்கும்போதே தொடங்கிவிட்டேன், "மன்னியும் தயாளினி, உம்மைக் காக்க வைச்சிட்டன், அந்த ஆம்புலன்ஸ் மட்டும் வராட்டில்..."

"ஆர் காத்துக்கொண்டு நிண்டது? நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றாள். "முகம் என்ன இப்பிடி வெளிறிக் கிடக்கு? சாப்பிட்டனீங்களே?"

"இல்லை. நீர் எப்பிடி வந்தனீர்? உம்மட தெரு இப்பதானே வழிச்சது."

"எங்கட தெரு எப்பவும் கடைசியிலதானே வரும். முதல் பெரிய றோட்டு, அதுக்குப் பிறகு பஸ் றோட்டு. கோப்பி குடிக்க வந்தாலும் இதைத்தானே கதைப்பியள், எனக்கு இப்ப பாடம். அத்தானுக்குப் போன் பண்ணி, நீங்கள் வராதேங்கோ, கார் ஏறாது, கோயிலுக்குப் போய் ஐயரைப் பிடிச்சு வைச்சிருங்கோ எண்டு சொன்னன். பெரிய றோட்டுவரைக்கும் நடந்தன். அங்க நீங்கள் வழிச்சுப் போட்டுப் போயிருந்தியள். பஸ் வந்தது."

அந்தக் கோப்பிக் கடை மாலைகள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நான் உப்பும் மணலும் பிளேடும் என்று பேசிக்கொண்டே போவேன், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருப்பாள், வீட்டுக்கு வந்து நான் என்னையே திட்டிக்கொள்வேன், ஒரு பெண்ணிடம் பேசுகிற பேச்சாடா இது என்று. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். யார்டில் அத்தனை பேருக்கு முன்னால், ஆரஞ்சு ஜாக்கெட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். ரோசாவும் அழுதாள், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

"அழுகையைப் பிறகு பாப்பம். கோயிலுக்குப் போற பஸ் வருது, வாங்கோ" என்று தயாளினி என் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலில் பஸ் நின்றது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள், சாரதியிடம் "இரண்டு பேர்" என்று சொன்னாள், பஸ் கார்டை இரண்டு தரம் தட்டினாள்.